கத்தி பட்ட நொடியிலிருந்து

அடுப்பு மூட்டாமல் செய்வதால் பழமும் பச்சிலையும் சேர்ந்த சாலட்டைப் பலர் சமையல் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கைக்குக் கிடைத்த பழத்தை நறுக்கிப் போட்டு, கீரையைக் கிள்ளிப் போட்டு, எலுமிச்சை பிழிந்தால் முடிந்தது என்பார்கள். பத்து நிமிட வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் குழம்புச் சட்டியில் இருப்பது வெந்து உயிர்விட்ட காய். சாலட் கிண்ணத்தில் இருப்பது உயிருள்ள திசு. பறித்த பிறகும் இலையும் பழமும் ஆக்சிஜனை இழுத்துக் கார்பன் டை ஆக்சைடை வெளியே விட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. கத்தி பட்டதும் அந்தத் திசு தன் காயத்தைக் கவனிக்கத் தொடங்குகிறது. சாலட் மொறுமொறுவென்று வாய்ப்பதும், கால் மணியில் நீர் விட்டுத் துவண்டுபோவதும், என்ன போட்டோம் என்பதைவிட எதை எப்போது போட்டோம் என்பதைப் பொறுத்தது.

பேச்சுக்கு ஒரு சாலட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு கொய்யா, ஒரு ஆப்பிள், இரண்டு கமலா ஆரஞ்சு, ஒரு பிடி மாதுளை முத்து. இலைப் பக்கம் ஊட்டியிலிருந்து வரும் லெட்டூஸ். அது கிடைக்காத ஊரில் வல்லாரையோ பருப்புக்கீரையோ போதும். கூடவே கொஞ்சம் புதினா, கொத்தமல்லி. கடைசியாக எலுமிச்சை, உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய், வறுத்து ஒன்றிரண்டாக இடித்த வேர்க்கடலை. நாலு பேர் சாப்பிடலாம்.

முதல் வேலை கழுவுவது. நறுக்கிவிட்டுக் கழுவுவது தலைகீழ் வேலை: வெட்டுவாய் வழியாக வைட்டமின் சி தண்ணீரில் கரைந்து போகும், தண்ணீரில் உள்ள கிருமி அதே வழியாக உள்ளே போகும். கீரையை அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, இலையை மேலே அள்ளி எடுக்க வேண்டும். பாத்திரத்தைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தால் அடியில் இறங்கிய மண் மறுபடி இலையிலேயே வந்து உட்காரும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்து, கடைசியில் குழாய்த் தண்ணீரில் ஒரு முறை காட்டினால் சரி. உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரில் ஊறப்போடும் வழக்கம் நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது. செய்யலாம், அதை நம்பி அலசுவதைக் குறைத்துவிடக் கூடாது.

எவ்வளவு கழுவினாலும் எல்லாக் கிருமியும் போய்விடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2009-ல் லெட்டூஸ் இலையில் சால்மொனெல்லா பாக்டீரியாவை விட்டுப் பார்த்தார்கள். வெளிச்சத்தில் இலைத்துளைகள் திறந்து, இலை உணவு தயாரிக்கும் நேரத்தில், பாக்டீரியாக்கள் அந்தத் துளைகளைத் தேடிப் போய்க் கூடி உள்ளே நுழைந்தன. உள்ளே போனதைக் குழாய்த் தண்ணீர் எட்டிப் பிடிக்காது. 2011-ல் ஜெர்மனியில் ஈ.கோலை பாக்டீரியாவின் கொடிய வகை ஒன்று பரவி 3,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முதலில் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய்மேல் பழி விழுந்தது. துப்புத் துலக்கியபோது அகப்பட்டது முளைகட்டிய வெந்தயம், எகிப்திலிருந்து இறக்குமதியான விதை. முளைகட்டுவதற்குத் தேவையான ஈரமும் கதகதப்பும்தான் பாக்டீரியா பெருகவும் தேவை. ஆகவே சாலட்டில் முளைப்பயறு சேர்ப்பவர்கள் ஆவியில் இரண்டு நிமிடம் காட்டிவிடுவது நல்லது. கர்ப்பிணிகள், வயதானவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் ஆகியோருக்குப் பச்சைக் கீரையே வேண்டாம், வதக்கியது போதும்.

ஆப்பிளின் தோலில் உள்ள பூச்சிமருந்துக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2017-ல் வெறும் தண்ணீர், குளோரின் கலந்த நீர், சமையல் சோடாக் கரைசல் மூன்றையும் ஒப்பிட்டார்கள். ஒரு சதவீத சோடாக் கரைசலில், அதாவது லிட்டருக்குப் பத்து கிராம் அளவில், 12 முதல் 15 நிமிடம் ஊறிய ஆப்பிளின் மேற்பரப்பில் அவர்கள் பூசியிருந்த இரண்டு மருந்துகளும் கழுவப்பட்டுவிட்டன. காரத்தன்மையில் அந்த மூலக்கூறுகள் சிதைகின்றன. ஆனால் தோலுக்குள் ஊடுருவிப்போன பங்கு அப்படியேதான் இருந்தது. ஆப்பசோடா டப்பாவுக்கு இப்படி ஒரு வேலை இருப்பது தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

கழுவிய இலை துவண்டிருந்தால் தூக்கிப்போட அவசரப்பட வேண்டாம். லெட்டூஸில் 95 சதவீதம் தண்ணீர். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு நீர்ப்பை இருக்கிறது. அது நிரம்பிச் செல்சுவரை உள்ளிருந்து அழுத்துவதால்தான் இலை விறைப்பாக நிற்கிறது. அந்த அழுத்தம் பல வளிமண்டல அளவுக்குப் போகும். காரின் டயருக்குள் இருப்பதைவிடப் பெரும்பாலும் அதிகம். பல்லில் கடிபடும்போது கேட்கும் மொறுக்கென்ற சத்தம் இந்தச் செல்கள் வெடிக்கும் சத்தமே. சந்தையிலிருந்து வெயிலில் வந்த இலை தண்ணீரை ஆவியாக விட்டு இந்த அழுத்தத்தை இழக்கிறது. ஐஸ் தண்ணீரில் கால் மணி நேரம் மூழ்கவிட்டால் சவ்வூடு பரவலால் நீர் மறுபடி செல்லுக்குள் ஏறி இலை நிமிர்ந்துவிடும். கொத்தமல்லிக் கட்டின் வேரைத் தண்ணீர் டம்ளரில் நிறுத்தி வைப்பதும் இதே காரணத்துக்குத்தான். கொழகொழத்துப்போன இலைக்கு இது பலிக்காது. அங்கே செல்சவ்வே கிழிந்துவிட்டது. தண்ணீரைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை.

பிறகு நீரை உதற வேண்டும். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஈர இலையில் எண்ணெய் ஒட்டாது. எலுமிச்சையும் உப்பும் நீர்த்துக் கிண்ணத்தின் அடியில் போய்ச் சேரும். இதற்கென்று சுழலும் பிளாஸ்டிக் கூடை விற்கிறார்கள். மெல்லிய பருத்தித் துண்டில் இலையை முடிந்து, மொட்டைமாடிக்குப் போய் கையை வீசி நாலு சுற்றுச் சுற்றினாலும் அதே பலன்தான். துணி வழியே தண்ணீர் தெறித்து ஓடும். பிள்ளைகளிடம் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வார்கள்.

இனி கத்தி. ஆப்பிளை வெட்டினால் ஐந்து பத்து நிமிடத்தில் வெட்டிய முகம் பழுப்பேறுவதைப் பார்க்கிறோம். முழு ஆப்பிளின் செல்லுக்குள் இரண்டு பொருட்கள் தனித்தனி அறையில் இருக்கின்றன. நீர்ப்பைக்குள் பீனால் வகைச் சேர்மங்கள்; கணிகங்கள் எனப்படும் சிறு உறுப்புகளில் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி, நடுவில் தாமிர அணுக்களோடு. கத்தி இரண்டு அறைச் சுவரையும் கிழித்துவிடுகிறது. மூன்றாவது ஆளான ஆக்சிஜன் வெளியிலிருந்து வந்து சேர்ந்துகொள்கிறது. பீனால்கள் குவினோன்களாக மாறுகின்றன. குவினோன்கள் ஒன்றோடொன்று பிணைந்து பழுப்பு நிற மெலனின் ஆகின்றன. நம் தோலுக்கு நிறம் தரும் நிறமியின் குடும்பம்தான் அது. பழத்தின் பார்வையில் இது கெட்டுப்போவது இல்லை, தற்காப்பு. குவினோன்கள் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் நஞ்சு. நம்மை அது ஒரு பெரிய பூச்சி என்றுதான் எண்ணியிருக்கும்.

எலுமிச்சைச் சாறு இங்கே இரண்டு வேலை செய்கிறது. அதன் அமிலத்தில் அந்த நொதி முடங்கிப்போகிறது. சாற்றில் உள்ள வைட்டமின் சியோ, உருவான குவினோனை மறுபடி பீனாலாகத் திருப்பிவிடுகிறது. இந்தத் திருப்பும் வேலையில் வைட்டமின் சி தானே செலவாகிறது. அது தீர்ந்ததும் பழுப்பு தொடங்கும். எனவே எலுமிச்சை பழுப்பைத் தடுப்பதாகச் சொல்வதைவிடத் தள்ளிப்போடுவதாகச் சொல்வதே சரி. வாழைப்பூவையும் வாழைத்தண்டையும் நறுக்க நறுக்க மோர்த் தண்ணீரில் போடும் பழக்கத்தில் இருப்பதும் இதே அறிவுதான்: மோரின் அமிலம் நொதியை மட்டுப்படுத்துகிறது, தண்ணீர் காற்றை மறைக்கிறது. உப்புத் தண்ணீரில் முக்கினாலும் குளோரைடு அந்த நொதியின் வேகத்தைக் குறைக்கும். கனடாவில் ஒரு நிறுவனம் நொதிக்கான மரபணுவையே அடக்கி, வெட்டினாலும் பழுப்பேறாத 'ஆர்க்டிக்' ஆப்பிளை உருவாக்கியது. 2015-ல் அமெரிக்க அரசு அதைப் பயிரிட அனுமதித்தது. அரை மூடி எலுமிச்சையில் முடிகிற காரியத்துக்கு இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பது என் கேள்வி. நறுக்கி அடைத்து விற்கும் பெருவணிகத்துக்கு அந்தக் கேள்வி எழாது.

வீட்டில் எலுமிச்சைகூட முதலில் தேவையில்லை. கமலாவையும் மாதுளையையும் முதலில் உரித்துக் கிண்ணத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கமலாச் சுளைகளில் பாதியைக் கையாலேயே பிய்த்துச் சாறு விடச் செய்து, அதற்குள் ஆப்பிள் துண்டுகளை நேராக விழும்படி நறுக்கிப் புரட்டினால் போதும். அமிலமும் வைட்டமின் சியும் அந்தச் சாற்றிலேயே உண்டு. கத்தி கூராக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தி செல்களைப் பிளப்பதற்குப் பதிலாக நசுக்குகிறது. அதிகச் செல் உடைந்தால் அதிகப் பழுப்பு. புதினாவை நறுக்காமல் கிள்ளிப் போடுவதும் இதனால்தான். அதன் வாசனை எண்ணெய் இலையின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய சுரப்பிகளில் இருக்கிறது. விரலால் கசக்கினாலே வந்துவிடும், கத்தி வைத்தால் விளிம்பு கறுப்பதுதான் மிச்சம்.

இரும்பு அரிவாள்மனையில் மாங்காய் அரிந்தால் துண்டின் ஓரம் நீலங்கறுப்பாக மாறுவது வேறு கதை. அதில் நொதிக்கு வேலை குறைவு. மாங்காயின் அமிலம் இரும்பைக் கொஞ்சம் கரைக்க, அந்த இரும்பு மாங்காயின் துவர்ப்புப் பொருளான டானினோடு சேர்ந்து கறுக்கிறது. கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை காய்ச்சியபோது நடந்ததும் இதே வினைதான். தீங்கில்லை என்றாலும் சாலட்டுக்கு அழகில்லை. துருப்பிடிக்காத எஃகுக் கத்தியில் இந்தத் தொல்லை கிடையாது.

பாலிஃபீனால் ஆக்சிடேஸ் அழகை மட்டும் கெடுக்கிறது என்றுதான் நெடுநாள் எண்ணிக்கொண்டிருந்தோம். 2023-ல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகமும் சம்பந்தப்பட்ட ஓர் ஆய்வு வேறொன்றைக் காட்டியது. ஃபிளாவனால் எனப்படும் பயனுள்ள பீனால்களை வாழைப்பழம் சேர்த்து அடித்த ஸ்மூத்தியோடு குடித்தவர்களின் உடலில், அதே ஃபிளாவனாலை மாத்திரையாக எடுத்தவர்களோடு ஒப்பிட, 84 சதவீதம் குறைவாகவே அது சேர்ந்திருந்தது. வாழைப்பழத்தில் இந்த நொதி மிக அதிகம். அது ஃபிளாவனாலைத் தின்றுவிடுகிறது. மிக்ஸியில் அடிக்கும்போது எல்லாம் எல்லாவற்றோடும் கலக்கிறது. சாலட்டில் துண்டு துண்டாக இருப்பதால் சேதம் அவ்வளவு இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் திராட்சையும் ஆப்பிளும் உள்ள கிண்ணத்தில் வாழைப்பழம் போட விரும்பினால் கடைசியில் போடுங்கள். அது வெட்டினால் முதலில் கறுத்து முகம் சுளிக்க வைக்கும் பழம் என்பதும் ஒரு காரணம்.

கொய்யாவைப் பற்றி ஒரு வார்த்தை. நூறு கிராமில் 200 மில்லிகிராமுக்கும் மேல் வைட்டமின் சி. ஆரஞ்சைப்போல நாலு மடங்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி ஆணுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65. பாதிக் கொய்யா போதும். இந்த வைட்டமின் சி கீரைக்கும் உதவி செய்கிறது. கீரையில் உள்ள இரும்பின் பெரும்பகுதி குடலால் எளிதில் உறிஞ்ச முடியாத வடிவில் இருக்கிறது. வைட்டமின் சி அதற்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து உறிஞ்சக்கூடிய வடிவுக்கு மாற்றுகிறது. பழத்தையும் கீரையையும் ஒரே கிண்ணத்தில் போடக் கூடாது என்று சொல்பவர்கள் உண்டு; வேதியியல் அவர்கள் பக்கம் இல்லை. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதுதான் இரும்புக்குப் பகை.

அடுத்து எண்ணெய். உடம்பைக் குறைக்க நினைப்பவர்கள் சாலட்டில் எண்ணெயே கூடாது என்று பிடிவாதமாக இருப்பார்கள். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2004-ல் ஏழு பேருக்கு ஒரே கீரை-கேரட்-தக்காளி சாலட்டை மூன்று விதமாகக் கொடுத்தார்கள்: எண்ணெய் இல்லாமல், 6 கிராம் எண்ணெயோடு, 28 கிராம் எண்ணெயோடு. பிறகு மணிக்கணக்கில் ரத்தம் எடுத்து, பீட்டா கரோட்டின் போன்ற நிறமிகள் எவ்வளவு ஏறியிருக்கின்றன என்று அளந்தார்கள். எண்ணெய் இல்லாத சாலட்டிலிருந்து ஏறியது ஏறத்தாழ எதுவுமில்லை. மறு ஆண்டே ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சாலட்டில் 150 கிராம் அவகாடோ சேர்த்தபோது பீட்டா கரோட்டின் உறிஞ்சல் 15 மடங்கு உயர்ந்தது. இந்த நிறமிகள் கொழுப்பில் கரைபவை. கொழுப்பு இருந்தால்தான் குடலில் அவை ஏறிப் போக வாகனம் கிடைக்கும். ஏழு பேர் சிறிய கூட்டம்தான். ஆனாலும் இரண்டு ஆய்வும் காட்டும் திசை ஒன்றே. ஆகவே நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ ஒரு ஸ்பூன் விடுவதற்குக் கூச்சப்பட வேண்டாம். இடித்த வேர்க்கடலையும் அதே வேலையைச் செய்யும்.

யாழ்ப்பாணத்து வல்லாரைச் சம்பலைப் பார்த்தால் இந்த ஆய்வுகளை யாரோ முன்கூட்டியே படித்தது போலிருக்கும். பச்சை வல்லாரையைக் கம்பிபோல் மெல்லிதாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், துருவிய தேங்காய், உப்பு சேர்த்து, தேசிக்காய்ப் (எலுமிச்சை) புளி விட்டுப் பிசறி, அந்தச் சாப்பாட்டோடேயே தீர்த்துவிடுகிறார்கள். கொழுப்புக்குத் தேங்காய், இரும்புக்குத் தேசிக்காய், உடனே உண்பதால் துவள நேரமும் இல்லை.

எண்ணெய் விடும் நேரமும் முக்கியம். இலைக்கு மேலே மெழுகுப் பூச்சு உண்டு. தண்ணீர் அதில் உருண்டு ஓடிவிடும். எண்ணெய் படிந்து மெல்ல உள்ளே இறங்கும். இறங்கிய இடம் கண்ணாடிபோல் கருத்து வாடும். ஆகவே பரிமாறும் முன்தான் எண்ணெய்.

உப்பு அதற்கும் பிறகு. வெள்ளரித் துண்டின்மேல் நாலு கல் உப்பு வைத்துக் கவனித்தால் இரண்டு நிமிடத்தில் ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் ஒரு சிறு குளம் கட்டும். வெளியே உப்பு அடர்ந்ததும் செல்லுக்குள் இருந்த நீர் அதை நோக்கி வெளியேறுகிறது. ஐஸ் தண்ணீரில் நாம் ஏற்றிய அழுத்தமெல்லாம் இப்படி இறங்கிவிடும். அதற்காக உப்பை விட்டுவிடவும் முடியாது. பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தில் பால் பிரெஸ்லினும் கேரி பௌசாம்பும் 1997-ல் சோடியம் கசப்பை அடக்குவதையும், கசப்பு அடங்கியதும் அதன் கீழ் மறைந்திருந்த இனிப்பு மேலெழுவதையும் சோதித்துக் காட்டினார்கள். மெரினாவில் மாங்காய்க் கீற்றுக்கு உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுப்பவருக்கு இது புதிய செய்தி அல்ல. லேசாகக் கசக்கும் லெட்டூஸும் துவர்க்கும் கொய்யாவும் உள்ள கிண்ணத்தில் ஒரு சிட்டிகை உப்பு பழத்தின் இனிப்பைக் கூட்டும், சர்க்கரை தேவைப்படாது.

எல்லாக் கீரையையும் பச்சையாகப் போட்டுவிடலாமா? கூடாது. பாலக்கிலும், சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை வகையிலும் ஆக்சலேட் அதிகம். அது கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹீனி 1988-ல் அளந்தபோது பாலக்கின் கால்சியத்தில் சுமார் 5 சதவீதம்தான் உடலில் சேர்ந்தது. பாலிலிருந்து கால் பங்குக்கும் மேல் சேர்ந்தது. இவற்றை வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் ஆக்சலேட்டில் ஒரு பகுதி போய்விடும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பச்சைப் பாலக் சாலட்டை மறந்துவிடலாம். 'பச்சையாக உண்டால் சத்து முழுதும் கிடைக்கும்' என்ற பேச்சு இந்தக் கீரைகளிடம் செல்லாது. கீரையைக் கடைந்து உண்ட நம் வழக்கத்துக்குக் காரணம் இருக்கிறது.

பருப்புக்கீரையிலும் ஆக்சலேட் உண்டு, ஆனால் தயிரில் கலந்தால் தயிரின் கால்சியம் அதைக் கிண்ணத்திலேயே பிடித்துக்கொள்ளும். மத்தியதரைக் கடல் நாடுகள் சிலவற்றில் இதைப் பச்சையாகத் தயிரோடு உண்கிறார்கள். இந்தச் செடியிடம் ஒரு விந்தையும் இருக்கிறது. வறட்சியில் இது பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் கார்பன் டை ஆக்சைடை வாங்கி மாலிக் அமிலமாகச் சேமிக்கிறது. பகலில் அதைச் செலவழிக்கிறது. எனவே தண்ணீர் காணாத தோட்டத்தில் விடிகாலையில் பறித்தால் நன்றாகப் புளிக்கும், மாலையில் பறித்தால் புளிப்பு குறைந்திருக்கும். காலையில் பறித்ததற்கு எலுமிச்சையைக் குறைத்துக்கொள்ளலாம்.

வார்ஃபரின் என்னும் ரத்த உறைவைத் தடுக்கும் மருந்தை எடுப்பவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். கீரையின் வைட்டமின் கே மருந்துக்கு எதிராக வேலை செய்யும். மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஒரே அளவாக உண்ணலாம்.

தயிர் ஊற்றிய சாலட்டில் பச்சை அன்னாசி போட்டவர்களுக்கு இன்னொரு அனுபவம் காத்திருக்கும். அன்னாசியில் உள்ள புரோமெலைன் நொதி தயிரின் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டுகிறது; அந்தத் துண்டுகளில் சில கசக்கும். அரை மணி நேரத்தில் நல்ல தயிர் கசந்த தயிராகிவிடும். அன்னாசி நாக்கைப் பதம் பார்ப்பதிலும் அதே நொதிக்குப் பங்குண்டு. துண்டுகளை நன்றாகச் சூடாக்கி ஆறவைத்தால் நொதி செத்துவிடும். இல்லையென்றால் தயிரைத் தட்டில் ஊற்றிக்கொள்ளும் வரை அன்னாசியைத் தனியே வையுங்கள்.

மிஞ்சிய சாலட்டை என்ன செய்வது? உப்பும் எண்ணெயும் கலந்துவிட்டால் இலைக்கு மறுவாழ்வு கிடையாது. நம் ஊர் வெயிலில் நறுக்கிய பழத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைப்பதும் ஆபத்து. தோல் என்ற காவல் போனதும் சர்க்கரைச் சாறு பாக்டீரியாவுக்குத் திறந்த பந்தி. பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ கட்டிக் கொடுப்பதானால் உதறிய இலை ஒரு டப்பாவில், கமலாச் சாற்றில் புரட்டிய பழம் இன்னொன்றில், உப்பு-எண்ணெய்-எலுமிச்சை ஒரு சின்ன மூடிபோட்ட புட்டியில். ஐஸ் பை இருந்தால் கூடவே வையுங்கள். கலக்கும் வேலையைச் சாப்பிடுகிறவரிடமே விட்டுவிடலாம்.